வாசிப்புக்கு ரசீது கேட்காதீர்கள்

இங்கிலாந்துப் பள்ளிகள் பருவத்துக்கு ஒருமுறை வெளியிடும் ஆறாம் படிவச் செய்திமடல்களைப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும். மாணவர்கள் போய்வந்த பயணங்கள், அவர்கள் செய்த சாதனைகள், விடுமுறையில் படிக்கவேண்டிய புத்தகங்கள். ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைமேல் நிற்கும் பிள்ளைகள், கணிதப் போட்டியில் தங்கச் சான்றிதழ் வாங்கிய பெண், பொருளாதாரம் படிக்க நினைப்பவர்கள் ஆகஸ்டுக்குள் முடிக்கவேண்டிய ஐந்து நூல்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்மூர் நண்பர்கள் இதைப் பார்த்து ஏங்குவதும் எனக்குப் புரிகிறது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் ஒரு பள்ளிக்கூடம் வலியப் போய்ப் புத்தகம் படி என்று சொல்வதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த மூன்றாவது பகுதி முதல் இரண்டோடு ஒரே தாளில் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. வாசிப்பைச் சாதனைகளுக்குப் பக்கத்தில் வைத்த உடனேயே அதையும் ஒரு சாதனையாகக் காட்டியாக வேண்டும். காட்டுவதற்காகப் படிக்க ஆரம்பித்த பிள்ளைக்குப் புத்தகம் வேறொரு பொருளாகிவிடுகிறது.

முதலில் இந்த ஆறாம் படிவம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மலேசியத் தமிழர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. இங்கிலாந்தில் பதினாறு முதல் பதினெட்டு வயது வரையிலான இரண்டு ஆண்டுகளைக் குறிக்கிறது. நம்முடைய ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாதிரி. பெரும்பாலான மாணவர்கள் மூன்றே பாடங்களை எடுத்து 'ஏ லெவல்' தேர்வு எழுதுகிறார்கள். பல்கலைக்கழக விண்ணப்பங்கள் எல்லாம் 'யூகாஸ்' என்ற ஒரே அமைப்பின் வழியாகப் போகின்றன. விண்ணப்பத்தோடு 'பர்சனல் ஸ்டேட்மென்ட்' என்ற தன்விளக்கம் ஒன்றை எழுதவேண்டும். இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4000 எழுத்துக்குறிகள், அதற்குமேல் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. நீண்டகாலம் இது ஒரே கட்டுரையாக இருந்தது. 2026இல் கல்லூரியில் சேர்கிறவர்களில் தொடங்கி அதே 4000 எழுத்தை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏன் இந்தப் படிப்பு? உன் பாடங்கள் உன்னை இதற்கு எப்படித் தயார்செய்தன? கல்விக்கு வெளியே வேறென்ன செய்தாய், அது ஏன் பயன்படும்?

இந்த மூன்றாவது கேள்வியைச் சுற்றித்தான் இரண்டு ஆண்டு வாழ்க்கையும் ஓடுகிறது. 'எக்ஸ்ட்ரா கரிகுலர்' நமக்குத் தெரியும். நீச்சல், வயலின், பேச்சுப்போட்டி. இங்கே 'சூப்பர் கரிகுலர்' என்று இன்னொன்று இருக்கிறது. படிக்கப்போகும் துறையையொட்டி வகுப்புக்கு வெளியே செய்பவை அதில் சேரும். புத்தகம், பாட்காஸ்ட், பொதுச் சொற்பொழிவு, கட்டுரைப் போட்டி. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இதைத்தான் விரும்புகின்றன என்று பள்ளிகள் சொல்லிக்கொடுக்கின்றன. அந்த இரண்டு இடங்களுக்கும் மருத்துவத்துக்கும் கடைசி நாள் அக்டோபர் 15.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். தமிழில் கட்டுரையும் எழுதுகிறவன் என்பது லண்டனில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குள் எப்படியோ பரவிவிட்டது. அதனால் செப்டம்பர் பிறந்தால் போன் வரும். "தம்பி, மகளின்ட ஸ்டேட்மென்டை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்" என்பார் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. "ப்ரோ, பையன் எழுதிருக்கான், கொஞ்சம் பாலிஷ் பண்ணிக் குடுங்க" என்பார் ஒரு கோயம்புத்தூர்க்காரர். பாலிஷ் போடுவதில்லை. படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பேன், அவ்வளவுதான். சில ஆண்டுகளாக அப்படிப் படித்த வரைவுகளிலிருந்துதான் இந்தக் கோபம் வருகிறது.

மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைகளின் வரைவில் அடிக்கடி வரும் ஒரு நூல் ஆடம் கேயின் 'திஸ் இஸ் கோயிங் டு ஹர்ட்'. 2017இல் வந்தது. கே மகப்பேறு மருத்துவராகப் பயிற்சி பெற்றவர், 2010இல் மருத்துவத் தொழிலையே விட்டு வெளியேறியவர். ஏன் விட்டார் என்பதுதான் புத்தகம். சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கங்களில் நம்மைக் கீழே தள்ளிவிடுவார். டாக்டராக ஆசைப்படும் ஒரு பிள்ளை அதைப் படித்தால் என்ன ஆகவேண்டும்? பயம் வரவேண்டும். இந்த வேலை எனக்கு வேண்டுமா என்று இரண்டு நாளாவது தூக்கம் கெடவேண்டும். நான் படித்த வரைவுகளில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. எல்லோருக்கும் அந்தப் புத்தகம் "மருத்துவத்தின்மீதான ஆர்வத்தை மேலும் உறுதிப்படுத்தியது." ஒரு பையனிடம் கேட்டேன், கடைசியில படிக்கும்போது பயமா இல்லையா என்று. "இருந்துச்சு அங்கிள். ஆனா அதை எழுதினா சீட் குடுக்க மாட்டாங்கல்ல" என்றான். அவன் சாமர்த்தியசாலி. ஆட்டத்தின் விதி அவனுக்குப் புரிந்திருக்கிறது. பயந்த வாசகனை வீட்டிலேயே விட்டுவிட்டு உறுதியான விண்ணப்பதாரரை மட்டும் அனுப்பிவைக்கிறான்.

அதே பட்டியலில் இன்னொன்று, பால் கலாநிதியின் 'வென் ப்ரெத் பிகம்ஸ் ஏர்'. நரம்பியல் அறுவை மருத்துவர். நுரையீரல் புற்றுநோயால் 2015இல் 37 வயதில் இறந்துபோனார், புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. மருத்துவக் கல்லூரிக்குள் போவதற்கு முன் அவர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவர். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று இலக்கியத்தில் தேடிவிட்டுத்தான் மருத்துவத்துக்கு வந்தார். அந்த நூலைத் தன் வரைவில் குறிப்பிட்டிருந்த ஒரு பெண் கூடவே தனக்குப் பிடித்த கவிதை ஒன்றைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தாள். பள்ளியில் அந்த இரண்டு வரியையும் அடித்திருந்தார்கள். துறைக்குத் தொடர்பில்லையாம்! கலாநிதியே இன்று பதினேழு வயதில் விண்ணப்பித்திருந்தால் அவருடைய பாதி வாசிப்பையும் அப்படித்தான் அடித்திருப்பார்கள்.

பொருளாதாரம், உளவியல் பக்கம் போனால் டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'. 2011இல் வந்த பெரிய புத்தகம். நம்மை அறியாமல் கண்ணில்படும் சொற்களும் படங்களும் நம் நடத்தையை மாற்றுகின்றன என்று சொல்லும் 'ப்ரைமிங்' ஆய்வுகளுக்கு அதில் ஓர் அத்தியாயம் உண்டு. பிற்பாடு மற்றவர்கள் அந்த ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது பலவும் நிற்கவில்லை. சிறிய எண்ணிக்கையில் ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று 2017இல் கானமனே ஒப்புக்கொண்டார். ஒரு மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நோபல் பரிசு வாங்கிய அறிஞர், தன் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தைத் தானே கைவிடுகிறார். ஆனால் நான் படித்த வரைவுகளில் கானமன் எப்போதும் சரியாகவே சொல்லியிருப்பார். சந்தேகப்படுவதற்கு 4000 எழுத்தில் இடம் கிடையாது. எந்தப் புத்தகமும் அங்கே பாதியில் கைவிடப்பட்டதில்லை, யாருக்கும் சலித்ததில்லை, யாரையும் ஏமாற்றியதில்லை.

நிஜமான வாசகர்களுக்கு இதெல்லாம் வாரா வாரம் நடக்கும். உங்கள் அலமாரியில் நாற்பதாம் பக்கத்தில் அடையாளத்தாளோடு தூங்கும் புத்தகங்கள் எத்தனை? ஒரு வாசகரின் ரசனை பாதி அவர் தூக்கிப்போட்ட புத்தகங்களால்தான் உருவாகிறது. அந்தப் பாதியை இந்தப் படிவத்தில் எழுத வழியில்லை.

இது பிள்ளைகளின் பொய் இல்லை, கேள்வி உண்டாக்கும் பொய். 2007இல் யூகாஸ் சுமார் 50,000 தன்விளக்கங்களை மென்பொருள் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டாம் பிறந்தநாளில் வேதியியல் பெட்டியை வைத்து விளையாடிப் பைஜாமாவில் ஓட்டைபோட்டுக்கொண்ட அதே சம்பவம் 234 விண்ணப்பங்களில் இருந்தது. அன்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த 234 பேர்மீது கோபம் வரவில்லை. குழந்தைப் பருவத்திலேயே அறிவியல் ஆர்வம் வந்ததற்கு ஆதாரம் காட்டு என்றால் எல்லோருக்கும் பைஜாமா எரியத்தானே செய்யும்?

சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இன்று குட்ஹார்ட் விதி என்று அறியப்படுகிறது. 1997இல் மானுடவியலாளர் மரிலின் ஸ்ட்ராதர்ன் அதை எல்லாருக்கும் புரியும்படி சுருக்கினார். ஓர் அளவுகோல் எப்போது இலக்காக மாறுகிறதோ அப்போதே அது நல்ல அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. ஸ்ட்ராதர்ன் அதை எழுதியது பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களைத் தணிக்கை செய்து மதிப்பிடும் முறையைப் பற்றி. தன்னை அளந்தபோது ஏற்பட்ட கேட்டைச் சரியாகக் கண்டுசொன்ன அதே பல்கலைக்கழக உலகம், பதினேழு வயதுப் பிள்ளைகளை அதே கோலால் அளக்கிறது.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நல்ல நிரலாளர்கள் தங்கள் நிரலுக்குச் சோதனைகள் எழுதுவார்கள். அதைப் பார்த்த மேலாளர் ஒருவர், இனிமேல் நிரலில் எண்பது சதவீதத்தைச் சோதனைகள் தொட்டாக வேண்டும் என்று விதி போடுவார். அடுத்த மாதமே எண்பது வந்துவிடும். எதையும் சோதிக்காத சோதனைகள் வரிசையாக நிற்கும், எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு எரியும். நல்ல நிரலாளர் எதனால் சோதனை எழுதினாரோ அது மட்டும் காணாமல் போயிருக்கும். வாசிப்புக்கும் இதே கதிதான். ஆர்வமுள்ள பிள்ளைகள் நிறையப் படிப்பதை ஒரு காலத்தில் யாரோ ஒரு பேராசிரியர் கவனித்தார். அதைக் கேள்வியாக்கினார்கள். இப்போது எல்லோரும் நிறையப் படித்திருக்கிறார்கள். ஆர்வம் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

பயணங்களுக்கும் இதே நோய் பிடித்திருக்கிறது. அதில் நல்லதும் உண்டு என்பதை முதலில் சொல்லவேண்டும். ஏ லெவல் புவியியல் எடுத்தால் குறைந்தது நான்கு நாள் களப்பணி கட்டாயம். ஆற்றங்கரையில் நனைந்துகொண்டே நீரோட்டத்தை அளக்கவேண்டும். பாடத்துக்குத் தேவையான பயணத்துக்கு அரசுப் பள்ளி கட்டணம் கேட்கச் சட்டம் இடம் கொடுக்காது. தங்கும் செலவை மட்டும் வாங்கலாம், அதிலும் சில அரசு உதவித்தொகைகள் பெறும் குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. நியாயமான ஏற்பாடு. ஆனால் செய்திமடலில் படமாக வருவது அந்த ஆறு இல்லை. பாடத்துக்கு வெளியே, பெற்றோர் பணம் கட்டிப் போகும் ஐஸ்லாந்தும் நியூயார்க்கும்தான். அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அப்பாவின் கடன் அட்டையால் நடந்த பயணமும் உழைத்து வாங்கிய பரிசும் அடுத்தடுத்த பக்கங்களில், ஒரே எழுத்துருவில்.

பணம் சம்பந்தப்படாத இடத்திலும் இது புகுந்துவிடுகிறது. ஹோலோகாஸ்ட் எஜுகேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1999 முதல் பதினாறு, பதினேழு வயது மாணவர்களை ஒரு நாள் பயணமாக ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அழைத்துப் போகிறது. முன்னும் பின்னும் கருத்தரங்கு வைத்துப் பொறுப்போடு செய்கிறார்கள். குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அங்கே போய்வந்த ஒரு பெண்ணின் வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது. இந்தப் பயணம் என் பரிவுணர்வையும் குழுவாகச் செயல்படும் திறனையும் வளர்த்தது. அங்க என்னம்மா பாத்தே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் குவிந்துகிடந்த மனிதத் தலைமுடியைப் பற்றிச் சொன்னாள். "திரும்பி வரேக்க பஸ்ஸில ஒருத்தரும் கதைக்கேல்ல அங்கிள்" என்றாள். அந்த மௌனம்தான் அவள் அந்தப் பயணத்தில் பெற்றது. அதைக் குழுச் செயல்பாடு என்று மொழிபெயர்க்க அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? தனியாக ஒரு கெட்ட ஆசிரியரைக் கைகாட்ட முடியாது. எல்லா அனுபவமும் ஒரு திறனாக மாறியாக வேண்டும் என்று சொல்லும் படிவம் கற்றுக்கொடுத்தது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஒன்று உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே புத்தகப் பெயர்கள் காதில் விழும். ஹாரோவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழரின் மகளுக்கு யார் சொல்வார்கள்? பள்ளிப் பட்டியல்தானே சொல்லவேண்டும்? சமத்துவத்துக்காகத்தான் பட்டியல் என்கிறார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தின் பெயர் தெரியாதவருக்குப் பெயரைச் சொல்வது நல்ல காரியம். யார் சொன்னாலும் நன்றி சொல்வேன்.

ஆனால் பெயரைச் சொல்வதும் கணக்குக் கேட்பதும் வேறு வேறு. கணக்குக் கேட்ட இடத்தில் எல்லாம் வசதியானவர்களே ஜெயித்திருக்கிறார்கள். 2012இல் சட்டன் டிரஸ்ட் வெளியிட்ட ஓர் ஆய்வில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஜோன்ஸ் ஒரே அளவு மதிப்பெண் பெற்ற மாணவர்களின் தன்விளக்கங்களை ஒப்பிட்டார். தனியார் பள்ளி மாணவர்களின் எழுத்தில் பிழைகள் குறைவாக இருந்தன, பெரிய இடங்களில் வேலை பழகிய அனுபவங்கள் அதிகமாக இருந்தன. மதிப்பெண் சமமாக இருந்தவர்களைத் தன்விளக்கம் பிரித்தது. யூகாஸ் அதை மூன்று கேள்விகளாக உடைத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றும் இதுதான், வழிகாட்ட ஆள் இருப்பவர்களுக்கே பழைய முறை சாதகமாக இருந்தது என்பது. ஆனால் கல்விக்கு வெளியே என்ன செய்தாய் என்ற கேள்வி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

உண்மையிலேயே சமத்துவம் வேண்டுமென்றால் ஏழைப் பிள்ளைக்குப் பட்டியலைவிட நேரம் தேவை. சனி, ஞாயிறு கடையில் நிற்கும் பிள்ளை எப்போது படிக்கும்? இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அதற்கும் ஒரு பதில் இருந்தது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பதினாறு வயதுக்குமேல் படிப்பைத் தொடர்ந்தால் வாரம் 30 பவுண்டு வரை உதவித்தொகை கிடைத்தது. 2010இல் வந்த அரசு அதை நிறுத்துவதாக அறிவித்து அடுத்த ஆண்டே மூடியது. பதிலுக்குப் பள்ளிகள் வழியாகக் கொடுக்கும் சிறிய நிதி ஒன்று வந்தது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பழைய உதவித்தொகை இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் நேரத்தை எடுத்துக்கொண்டு பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள்.

நூலகமாவது உண்டா? இங்கிலாந்தில் ஒவ்வொரு சிறையிலும் நூலகம் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. பள்ளியில் நூலகம் இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. முதல்முறை கேட்டபோது யாரோ கிண்டலுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். 2010க்குப் பிறகு நூற்றுக்கணக்கான பொது நூலகங்கள் மூடப்பட்டிருக்கின்றன. நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் எட்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் தொடர்ந்து கேட்டுவருகிறது. வாசிப்பது பிடிக்கும் என்றவர்கள் 2005இல் ஏறத்தாழ பாதிப்பேர், 2025இல் மூன்றில் ஒருவர். இதற்குக் கைப்பேசி உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் இத்தனை பரிந்துரைப் பட்டியல்களும் அந்தச் சரிவைத் தடுக்கவில்லை.

கணிதம் படிக்கப் போகிறவர்களின் பட்டியலில் சைமன் சிங் எழுதிய 'ஃபெர்மாஸ் லாஸ்ட் தியரம்' பெரும்பாலும் இருக்கும். 1997இல் வந்த அருமையான நூல். அதன் நாயகன் ஆண்ட்ரூ வைல்ஸ். 1963இல், பத்து வயதில், கேம்பிரிட்ஜ் நகரப் பொது நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுக்கிறான். முந்நூறு ஆண்டுகளாக யாரும் நிறுவாத ஒரு தேற்றம் அதில் இருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து அவர் அதை நிறுவுகிறார். அந்தப் புத்தகத்தை எடுக்கும்படி எந்தச் செய்திமடலும் அந்தப் பையனுக்குச் சொல்லவில்லை, படித்தாயா என்று யாரும் கேட்கவும் இல்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு நூலகம் திறந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. இந்தக் கதையைச் சொல்லும் நூலைப் பட்டியலில் போடுகிறவர்கள் கதை என்ன சொல்கிறது என்பதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஜோடியாக ஒரு பையன் உண்டு. 1903இல் கும்பகோணத்தில், பதினாறு வயதை நெருங்கும்போது, ராமானுஜனின் கைக்கு ஜி. எஸ். கார் தொகுத்த கணித நூல் வருகிறது. சுமார் 5000 முடிவுகளின் தொகுப்பு. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்த ஒரு டியூஷன் வாத்தியாரின் புத்தகம், நம்மூர் கோனார் உரைக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரண்ட தொகுப்பிலிருந்துதான் அவர் தன் கணிதத்தைக் கட்டினார். ஆகவே நல்ல நூல், மட்டமான நூல் என்ற தகராறுக்கே நான் வரவில்லை. கானமனுக்குப் பதில் இன்னும் உயர்ந்த ஒருவரைப் பட்டியலில் போட்டால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ராமானுஜன் அந்தப் புத்தகத்தை எதற்காகவும் படிக்கவில்லை என்பதே விஷயம். கல்லூரி அவரிடம் கேட்டது வேறு. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போனது, பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை.

அதனால்தான் தமிழ்நாட்டு முறை இதைவிட மேல் என்று நான் வாதாட வரவில்லை. நான் ப்ளஸ் டூ படித்தபோது மொத்தம் 1200 மதிப்பெண். பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படும், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. தமிழ் மதிப்பெண் அந்தக் கணக்கில் சேராது. அதனால் தமிழ் வகுப்பில் கணக்குப் போடுவோம். எங்கள் விடுதியில் கதைப்புத்தகம் வைத்திருந்தால் வார்டன் பறித்துக்கொள்வார். நான் போர்வைக்குள் வைத்துப் படித்தேன். ஆனால் அந்த அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம், படித்தவன் நான் ஒருவன்தான். மற்ற பதினொரு பேரிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த முறையை மெச்ச என்னால் முடியாது.

எனக்குப் பயம் எல்லாம், அதற்கு மாற்று மருந்தாக இங்கிலாந்துப் படிவத்தைக் கேட்கும் நண்பர்களைப் பார்த்துத்தான். "வாசிப்புக்கும் மார்க் குடுக்கணும், அப்பதான் பசங்க படிப்பாங்க" என்று இலக்கியக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். நல்ல வாசகர்கள்தான் சொல்கிறார்கள். மார்க் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? மூன்றே மாதத்தில் புதுமைப்பித்தனுக்கு நோட்ஸ் வரும். 'இந்நாவல் என்னைப் பக்குவப்படுத்தியது' என்று தொடங்கும் மாதிரி விடைகள் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். இங்கிலாந்திலாவது ஆளுக்கு ஐந்து புத்தகம். நம்மூரில் கோச்சிங் சென்டர் இறங்கினால் ஐம்பது புத்தகத்தை ஒரு வாரத்தில் 'கவர்' பண்ணிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளில் யாராவது பிற்பாடு புதுமைப்பித்தனைத் தொடுவார்கள் என்று நினைக்கிறீர்களா?

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். பல்கலைக்கழகங்களுக்கு ஒரு மாணவர் எப்படிப் படிக்கிறார் என்று தெரியவேண்டுமானால் எதிரில் உட்காரவைத்து ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்துப் பேசட்டும். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சில துறைகளின் நேர்காணலில் இதைச் செய்கிறார்கள். அதற்கும் பயிற்சி வகுப்பு நடத்துவார்கள், தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தை மாணவர் அங்கேயே படிக்கவேண்டும், படித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அதைச் செய்ய ஆளில்லை என்றால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். பிள்ளைகளின் அலமாரியைத் துழாவ வேண்டாம். அரசு, சிறைக்குப் போட்ட விதியைப் பள்ளிக்கும் போடட்டும். நூலகரோடு சேர்த்துத்தான் சொல்கிறேன், பூட்டிய அறைக்கு நூலகம் என்று பெயர் கிடையாது.

ஆசிரியர்கள் புத்தகம் சொல்வதை நிறுத்தவேண்டாம். துறைவாரியாகச் சொல்லாமல் ஆளாகச் சொல்லட்டும். இயற்பியல் ஆசிரியை, தான் இப்போது படிக்கும் துப்பறியும் நாவலைப் பற்றிச் சொல்லலாம். வரலாற்று ஆசிரியர், எல்லோரும் புகழும் ஒரு நூலைத் தன்னால் அறுபது பக்கத்துக்குமேல் தாண்ட முடியவில்லை என்று சொல்லலாம். அது ஒரு பட்டியலைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும். சொல்லிவிட்டு, படித்தாயா என்று கேட்காமல் போய்விடவேண்டும். பெற்றோருக்கும் இதுதான். புத்தகத்தை வாங்கி மேசையில் வையுங்கள். என்ன கத்துக்கிட்டே என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை எதற்காகவாவது உங்களிடம் வந்து புத்தகத்தைப் பற்றிப் பேசினால், கேட்டுக்கொள்ளுங்கள். குறித்துவைக்காதீர்கள்.

செய்திமடல் தயாரிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். பயணங்களையும் பரிசுகளையும் தாராளமாகப் போடுங்கள், அந்தப் பிள்ளைகள் சந்தோஷப்படட்டும். அடுத்த இதழில் மூன்றாவது பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பள்ளி நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று போடுங்கள்.